கட்டிலுக்கு அடியில் 290 பிரதிகள்! - சொந்தச் செலவில் புத்தகம் போட்டவர்களுக்கு ஒரு கைடு

முதல் பிரதியைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தீங்களே, அந்த மை வாசம்கூட இன்னும் போயிருக்காது. அதற்குள் மீதி 290 பிரதிகள் அட்டைப்பெட்டிகளில் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கும். வீடு பெருக்கும்போதெல்லாம் பெட்டியை நகர்த்த வேண்டும். ‘இதை எப்பதான் காலி பண்ணப்போறே?’ என்று வீட்டில் கேட்டால், அது பெட்டியைப் பற்றிய கேள்வியாக மட்டும் உங்கள் காதில் விழாது.

மனசைத் தளரவிடாதீங்க. இது இன்றைக்கு வந்த தலைவலி இல்லை. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், புத்தகத்தை வாங்கிக்கொள்வதாக ஆர்வலர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் திரட்டினார். பாரதியார் 1920-ல் தன் எழுத்துகளையெல்லாம் தானே அச்சிட நினைத்து, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டிபோலத் தன் புத்தகங்கள் வீடுவீடாகப் பரவும் என்பது அவர் நம்பிக்கை. மறு வருடமே அவர் காலமானார், திட்டம் கைகூடவில்லை. அவருக்கே அந்த நிலை என்றால், நாம் கூச்சப்பட என்ன இருக்கிறது?

முதலில் கணக்கு!

ஒரு நோட்டை எடுத்துக்கோங்க. உதாரணத்துக்கு, ஒரு பிரதிக்கு 120 ரூபாய் செலவில் 300 பிரதிகள் அச்சிட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 36,000 ரூபாய். விலை 200. கடைக்காரருக்கு 35 சதவிகிதம் கழிவு போனால், உங்கள் கைக்கு வருவது 130. அதாவது, பிரதிக்குப் பத்து ரூபாய்தான் லாபம். உறவுக்கும் நட்புக்கும் 50 பிரதிகளை இலவசமாகக் கொடுத்துவிட்டால், மீதி 250-ம் கடையில் விற்றுத் தீர்ந்தாலும் 3,500 ரூபாய் நஷ்டம்!

அதே புத்தகத்தை 180 ரூபாய்க்கு நீங்களே நேரடியாக விற்றால், 200 பிரதிகளில் போட்ட காசு திரும்பிவிடும். தபால், கூரியர் செலவைத் தனியாகச் சேர்க்க மறக்காதீங்க. அந்த 200 பேரைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

விழா வேண்டுமா?

மண்டபம், பேனர், பொன்னாடை, காபி, போண்டா... வெளியீட்டு விழா செலவில் இன்னொரு பதிப்பே போட்டுவிடலாம். வந்தவர்கள் கைதட்டுவார்கள், போகும்போது, ‘எனக்கு ஒரு காப்பி இல்லையா?’ என்று உரிமையோடு கேட்பார்கள். விழா நடத்தக் கூடாது என்றில்லை. ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்திலோ, நீங்கள் படித்த பள்ளியிலோ இருபது பேரோடு சின்னதாக நடத்துங்கள். பேச வருபவருக்கு ஒரு மாதம் முன்பே புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள். படிக்காமல் வருபவர் உங்கள் நல்ல குணத்தைப் பற்றி மட்டுமே பேசுவார்!

யாருக்கான புத்தகம்?

‘எல்லோரும் படிக்கலாம்’ என்பது பதில் இல்லை. மாடித்தோட்டம் பற்றிய புத்தகம் என்றால், விதைத் திருவிழா நடக்கும் இடத்துக்குப் போங்க. ஊர் வரலாறு என்றால், வெளியூரில் வேலை பார்க்கும் அந்த ஊர்க்காரர்களைத் தேடுங்க. நாவல், கவிதைக்கு இலக்கியக் கூட்டங்களும் வாசகர் வட்டங்களும்தான் வாசல். அங்கே புத்தகத்தை விற்க மட்டும் போகாமல், மற்றவர்கள் எழுதியதையும் வாங்கிப் படியுங்கள். நாம் யாரையும் படிக்காமல், நம்மை மட்டும் எல்லோரும் படிக்க வேண்டும் என்றால் எப்படி?

லைக் வேறு, விற்பனை வேறு

அட்டைப்படத்தைப் போட்டால் 300 லைக் விழும். பணம் அனுப்புபவர்கள் நான்கு பேராக இருப்பார்கள். தினமும் ‘வாங்குங்கள்’ என்று பதிவு போட்டால் அந்த நான்கு பேரும் ஓடிவிடுவார்கள். அதற்குப் பதில் ஓர் அத்தியாயத்தைப் படிக்கக் கொடுங்கள். எழுதும்போது நடந்த சுவாரஸ்யத்தைச் சொல்லுங்கள். கடைசியில் விலையையும் பணம் அனுப்பும் வழியையும் ஒரே வரியில் போடுங்கள்.

கிண்டிலில் தமிழ் மின்நூலை நீங்களே வெளியிடலாம். அச்சுச் செலவும் இல்லை, பெட்டியும் இல்லை. ‘கிண்டில் செலக்ட்’டில் சேர்த்தால் மட்டும், 90 நாள்களுக்கு அந்த மின்நூலை வேறு எங்கும் கொடுக்கக் கூடாது.

கடை, கண்காட்சி, நூலகம்

1977 முதல் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி மட்டுமல்ல. ஈரோடு, மதுரை, நெய்வேலி என்று பல ஊர்களில் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. தனி அரங்கு எடுப்பது கட்டுப்படியாகாது. தெரிந்த பதிப்பகத்தின் அரங்கில் பத்துப் பிரதிகள் வைக்க முடியுமா என்று கேளுங்கள். எத்தனை கொடுத்தீர்கள், என்ன கழிவு, பணம் எப்போது வரும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் புத்தகமும் வராது, காசும் வராது.

ஐ.எஸ்.பி.என் எண் வாங்கவில்லையா? ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் ஆன்லைனில் விண்ணப்பித்தால் இலவசமாகவே கிடைக்கும். இதற்கென யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் உஷார். ‘பெஸ்ட் செல்லர் ஆக்கித் தர்றோம்’, ‘விருது தர்றோம், கட்டணம் மட்டும் கட்டுங்க’ என்று வரும் அழைப்புகளுக்கும் அதே பதில்தான்.

1954-ம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாள்களுக்குள் சென்னை கன்னிமாரா உட்பட நான்கு பொது நூலகங்களுக்கு உங்கள் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். ‘விற்காத புத்தகத்துக்கு இது வேறா?’ என்று அலுத்துக்கொள்ளாதீங்க. பெட்டிகள் ஒருநாள் காலியாகும், அல்லது கரையான் அரிக்கும். நூலகத்துக்குப் போன பிரதி அங்கே இருக்கும். உங்கள் பேத்தி வயதில் ஒருத்தி என்றைக்காவது வந்து அதை எடுத்துப் பிரிக்கலாம்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்க. பெட்டியிலிருந்து ஐந்து பிரதிகளை எடுத்து, உங்களைத் தெரியாத, ஆனால் இந்த விஷயத்தில் ஆர்வமுள்ள ஐந்து பேர் யார் என்று யோசியுங்க. மீதி 285-க்கு அங்கிருந்துதான் வழி.