இழை எண்ணிய கண்

ஆன்டனி வான் லேவன்ஹூக் 1654-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணிக்கடை வைத்தார். லத்தீன் தெரியாது, பல்கலைக்கழகத்தில் படித்ததில்லை. பாக்டீரியாவை முதன்முதலில் கண்டவர் என்ற ஒற்றை வரியோடு பாடநூல்கள் அவரை விட்டுவிடுகின்றன. அற்புதமான கருவி ஒன்று கைக்கு வந்தது, அதற்குள் எட்டிப் பார்த்தார், புது உலகம் தெரிந்தது என்பதுபோல் அந்தக் கதை நம் மனத்தில் நின்றுவிட்டது. எனக்கு அது தலைகீழாகத் தோன்றுகிறது. அவருடைய வியப்பு அளவெடுக்கும் தொழிலில் விளைந்தது. நெசவின் நெருக்கத்தை அறிய உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து இழைகளை எண்ணுவது அன்றைய துணி வணிகர்களின் வழக்கம். கடையோடும் அவர் நிற்கவில்லை. 1669-இல் நில அளவையாளராகத் தேறினார். 1679-இல் மது பீப்பாய்களின் கொள்ளளவைச் சரிபார்க்கும் நகர அலுவலரானார். மூன்று வேலையிலும் ஒரே விதிதான்: சரக்கு எவ்வளவு மலிவானாலும் அளக்காமல் நம்பக் கூடாது.

அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு மிளகே சாட்சி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைச் சபைகளில் ஒன்று டெல்ஃப்டில் இருந்தது. 1663-இல் கொச்சியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்த அதே கம்பெனிதான். கப்பலில் வந்த மிளகு அந்த ஊர் அடுக்களைகளுக்குப் பழகிப்போன சரக்கு. மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று லேவன்ஹூக் கேட்டார். அதன் துகள்களில் நாக்கைக் குத்தும் நுண்முட்கள் இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். 1676 ஏப்ரலில் மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார். முள் எதுவும் அகப்படவில்லை. அத்தோடு கிண்ணத்தைக் கவிழ்த்துவிடவும் இல்லை; தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டு, வாரக்கணக்கில் பார்த்துவந்தார். அப்போதுதான் நீரில் நீந்தும் உயிர்கள் கண்ணில் பட்டன. அவற்றுள் மிகச் சிறியவை, நூறு ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தாலும் ஒரு பருமணல் துகளின் நீளத்துக்கு வராது என்று அந்த அக்டோபரில் லண்டன் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். கண்டவுடன் மெய்சிலிர்த்து நின்றுவிடாமல் மணலை அளவுகோலாக எடுத்த இடத்தில் துணிக்கடைக்காரர் தெரிகிறார். இஞ்சி, கிராம்பு, ஜாதிக்காய் என்று மற்றச் சரக்குகளையும் ஊறவைத்துப் பார்த்தார். இன்னொன்றோடு ஒப்பிட்டால்தான் ஒன்று தெரியும் என்பது வியாபாரியின் புத்தி.

பெருமையெல்லாம் வில்லைக்குத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்று எஞ்சியுள்ள அவருடைய கருவிகளில் ஆற்றல் மிக்கது, உட்ரெக்டில் இருப்பது, பொருளைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். அன்றைக்கு அது பெரிய விஷயம். ஆனால் 2021-இல் அந்தக் கருவியை உடைக்காமல் நியூட்ரான் கதிர்களால் ஆராய்ந்தபோது, உள்ளே இருந்தது உருக்கிச் செய்த கண்ணாடி மணி என்று தெரிந்தது. கண்ணாடி இழையின் நுனியை உருக்கி மணியாக்கும் அந்த வித்தையை ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1665-லேயே தம் ‘மைக்ரோகிராஃபியா’ நூலின் முன்னுரையில் அச்சிட்டுவிட்டார். வழி ஊருக்கே தெரிந்திருந்தது. அந்த ஹூக்கே இத்தகைய ஒற்றை வில்லை கண்ணை வருத்துகிறது என்று அதை ஒதுக்கி, வசதியான கூட்டு நுண்ணோக்கியைப் பிடித்துக்கொண்டவர். டெல்ஃப்டிலிருந்து வந்த கடிதத்தை யாரும் லேசில் நம்பவுமில்லை. போதகர், நோட்டரி உள்ளிட்ட எட்டுப் பேரின் சாட்சிக் கடிதங்களை லேவன்ஹூக் திரட்டி அனுப்ப வேண்டியதாயிற்று. 1677 நவம்பரில் ஹூக் தாமே மிளகுநீரை வைத்துப் பார்த்து, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். கருவி முன்பே இருந்தது. ஒரு கிண்ணம் மிளகுநீரை இத்தனை நாள் பார்க்கலாம் என்று எண்ணிய ஆள்தான் இல்லை.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. நகரமன்றம் 1660-லேயே அவருக்குச் சம்பளத்தோடு ஒரு பதவி கொடுத்திருந்தது. வயிற்றுப்பாட்டுக்கு அலைகிறவருக்கு இந்தக் கவனம் வாய்க்குமா? வாய்க்காது. உன்னிப்பாகப் பார்த்தால் எவருக்கும் அற்புதம் தெரியும் என்று இன்று சுலபமாகச் சொல்கிறவர்கள் இந்தச் சம்பளத்தை மறந்துவிடுகிறார்கள். ஆனால் ஓய்வும் பணமும் இருந்த செல்வர்கள் டெல்ஃப்டில் ஏராளம். அவர்களுள் தன் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டிப் பார்த்தவர் இவர்தான். நாள்தோறும் உப்பால் பல் துலக்குகிறவர், தம் வாய் சுத்தம் என்று நம்பியிருந்தவர், அந்த வெள்ளை மாவில் உயிர்கள் துள்ளுவதை 1683-இல் எழுதினார். வாழ்நாளில் பல்லே துலக்காத கிழவர் ஒருவரின் வாயிலிருந்தும் எடுத்து ஒப்பிட்டார். சூடான காப்பி குடித்த பிறகு முன்பல் அழுக்கிலிருந்த உயிர்கள் அசைவற்றுப்போனதையும் பின்னாளில் குறித்தார். ஓய்வு அவருக்கு நேரத்தைத் தந்தது. அந்த நேரத்தை எதில் செலவிடுவது என்பதைத் தொழில் தந்த கண் தீர்மானித்தது.

அந்தக் கண்ணுக்கு வியாபாரியின் குறையும் இருந்தது: ரகசியம். வந்தவர்களுக்குச் சுமாரான கருவிகளைக் காட்டிவிட்டுச் சிறந்தவற்றை உள்ளேயே வைத்துக்கொண்டார். இளைஞர்களைப் பயிற்றுவிக்கலாமே என்று தத்துவஞானி லைப்னிட்ஸ் யோசனை சொன்னபோது, அதற்கு வேண்டிய காலமும் பொருளும் செலவிடக்கூடியவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை என்று தட்டிக்கழித்தார். என் கணிப்பில் இது பெருந்தவறு. தாமே கற்றுக்கொண்ட பழக்கத்தைப் பிறவி வரம்போலக் கருதிவிட்டார். 1723-இல் தம் 90-ஆவது வயதில் அவர் இறந்தபோது 26 நுண்ணோக்கிகள் கொண்ட பேழை ராயல் சொசைட்டிக்குப் போனது. கருவிகள் போய்ச் சேர்ந்தும், அவர் கண்ட நுண்ணுயிர்களைப் பற்றிய ஆய்வு அடுத்த நூறாண்டு பெரிதாக நகரவில்லை. அந்தப் பேழையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காணாமற்போயிற்று.