கல்வெட்டும் கணினியும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு வரும் மரக்கலம் உடைந்துபோனால் என்ன செய்வது என அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொணர்ந்த கலமாயின் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று கூறு உடையவனுக்கு. வாணிகச் சரக்கு ஏற்றியதாயின் ஆளுக்குச் செம்பாதி. கல் சிதைந்திருந்தும், எண்ணூறு ஆண்டு கழிந்தபின் 1960களில் கா. இந்திரபாலா அதனைப் படித்து வெளியிட்டார்.

யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்னும் சொல்லுக்கு இன்னொரு பொருளும் வழங்குகின்றது. ஒருவர் மறைந்தபின் அந்தியேட்டி நாளில் உறவினருக்குக் கொடுக்கும் நினைவேட்டுக்கும் அதுவே பெயர். மறைந்தவரின் வரலாறும், குலவழியும், இரங்கற் பாக்களும் அதில் இடம்பெறும். 1990, 1991ஆம் ஆண்டுகளில் போரினால் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். நெடுந்தீவாரும் புங்குடுதீவாரும் நயினாதீவாரும் தொராந்தோ, பாரிசு, இலண்டன் என்று சிதறினர். அதன்பின் இவ்வேடுகள் பல பிறநாட்டிலேயே கணினியில் எழுதப்படலாயின. அப்போது எழுந்த கேள்வி: தமிழை எந்தச் சொற்செயலியில் எழுதுவது?

இக்கேள்வி கணினியோடு பிறந்ததன்று. தமிழெழுத்து 247, தட்டச்சுப் பொறியிலோ ஐம்பது விசைக்குக்கூட இடமில்லை. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து சிங்கப்பூர் சென்ற இரா. முத்தையா இச்சிக்கலை விடுவித்த முன்னோடி. எழுத்துகளைக் கூறுகளாகப் பிரித்தார். புள்ளி போன்ற குறியை அடிக்கும்போது தாள் நகராதிருக்க வகைசெய்தார். குறி முதலில் விழும். பின்பு அடிக்கும் எழுத்து அதன்கீழ் வந்து பொருந்தும்.

வீட்டுக் கணினி பரவத் தொடங்கிய 1980களில் இரு வழிகள் தோன்றின. கனடாவிலிருந்த சீனிவாசன் 1984 அளவில் உருவாக்கிய ஆதமி என்னும் செயலி, ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித் தந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு என்னும் செயலியைத் தொடங்கியதும் அப்பத்தாண்டிலேயே. மற்றைய வழி, தட்டச்சுப் பழக்கத்தை ஒட்டிய எழுத்துரு வழி. ஈழத்தமிழரிடையே பெருவழக்குப் பெற்ற பாமினி இவ்வகையைச் சேர்ந்தது.

இரண்டையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் விரலின் வசதியையே பேசினர். 'கொ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். பாமினியில் முதலில் கொம்பு, அடுத்துக் ககரம், இறுதியில் கால். கண்ணுக்குத் தோன்றும் வரிசை இது. ஒலி வழியிலோ முதலில் மெய், பின்பு உயிர். இலக்கணம் சொல்லும் வரிசையும் அதுவே. ஒலி வழி அறிவுக்கு ஒத்ததென்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆங்கிலத்தில் னகரத்துக்கு ஓரெழுத்தே உண்டு. தமிழிலோ ந, ண, ன என மூன்று. பெரிய எழுத்து எதற்கு, சிறிய எழுத்து எதற்கு என்று மனனம் செய்தாக வேண்டும். ஆங்கிலமே அறியாத மூதாட்டிக்கு அவ்வழி பூட்டிய கதவு. தட்டச்சுப் பயின்றவர்க்கோ பாமினி பழகிய பாதை.

கேட்க மறந்த கேள்வி வேறு. எழுதியதைக் கணினி தன்னுள் எவ்வாறு வைத்துக்கொண்டது? அக்காலக் கணினி ஓர் எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் 256 குறிகளே அடங்கும். பாமினி ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் உருவைப் பொருத்தியது. ஆகவே அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்னும் சொல், ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகக் காட்சியளிக்கும். ஒருவர் அனுப்பியதை மற்றவர் படிக்க இயலாது. ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கோர் குறிமுறை. விசையை மாற்றிப் பழகுவது சில கிழமை வேலை. உள்ளே பதிந்த குறி மாறுபட்டால் ஏடே ஊமையாகிவிடும்.

1991இல் வெளிவந்த ஒருங்குறி தமிழுக்கென்று தனியிடம் வகுத்தது. 1999இல் சென்னை மாநாட்டையடுத்துத் தமிழ்நெட் 99 என்னும் விசைப்பலகையும் வகுக்கப்பட்டது. ஒருங்குறியில் எந்த விசைமுறையால் எழுதினாலும் உள்ளே பதிவது ஒன்றே. மெய்யை அடுத்து உயிர்க்குறி என்பதே அதன் ஒழுங்கு. எனினும் அது வீடுகளில் பரவப் பல்லாண்டு சென்றது. இடைக்காலத்து ஏடுகள் பாமினி போன்றவற்றிலேயே தங்கின. அவற்றை மாற்றித் தரும் செயலிகள் இன்று உண்டு. ஆனால் மாற்றுவதற்குக் கோப்பு கையில் இருக்கவேண்டுமன்றோ? அன்றைய நெகிழ்தட்டைப் படிக்கும் பொறி இன்றைய வீடுகளில் அரிது.

தாளில் அச்சான படிகளோ உறவினர் பெட்டிகளில் கிடந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம், ஈழத்து நூல்களுடன் இந்நினைவேடுகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேர்த்து வருகின்றது.