எதுகையில் தொடங்கிய அகராதி

எழுத்து ஒத்த சொற்களை ஓரிடத்தில் திரட்டிப் பொருள் சொல்லும் வழக்கம் தமிழில் அச்சுக்கு மிக முந்தியது. ஆனால் அந்தத் திரட்டு முதலெழுத்தைக் கணக்கில் கொள்ளவில்லை, இரண்டாம் எழுத்தையே பார்த்தது. செய்யுளில் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. மலை, தலை, வலை, சிலை, விலை, உலை ஆகியவை இன்றைய அகராதியில் ஆளுக்கொரு மூலையில் கிடப்பவை. பாட்டுக் கட்டுகிறவருக்கோ அவை ஒரு குடும்பம்.

பழைய நிகண்டுகளான திவாகரமும் பிங்கலமும் சொற்களைப் பெரும்பாலும் பொருள் வகையால் பிரித்தன. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று தொகுதிகள் போகும். ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருக்கும் இடத்தில் இந்த ஏற்பாடு உதவாது. மண்டல புருடர் என்ற சமணர் விருத்தப்பாவில் இயற்றிய சூடாமணி நிகண்டு இதற்கு எதுகையைத் துணைக்கு அழைத்தது. அதன் பதினோராம் தொகுதி பல பொருள் தரும் சொற்களுக்கு உரியது. ககர எதுகை, ஙகர எதுகை என்று அது வரிசையாகச் செல்கிறது. ககர எதுகையின் தொடக்கத்தில் பகவன் என்ற சொல் வருகிறது. அதற்குச் சிவன், திருமால், பிரமன், அருகன், புத்தன் என எல்லாரையும் சமண ஆசிரியர் ஒரே பாட்டில் பொருளாக அடுக்கிவிடுகிறார்.

இது புரட்டிப் பார்த்துத் தேடுவதற்கான நூல் அல்ல. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் சூடாமணியை மனப்பாடம் செய்தார்கள். சொல்லின் பொருள் வேண்டுமானால் ஓலைச்சுவடியை அவிழ்க்க வேண்டியதில்லை, பாட்டை நினைவிலிருந்து எடுத்தால் போதும். எதுகை அங்கே ஓசையாகவும் இருந்தது, தேடும் வழியாகவும் இருந்தது.

முதலெழுத்து வரிசை ஐரோப்பியப் பாதிரிமாரின் கொடை என்று பலரும் எழுதிவருவது சரியல்ல. சிதம்பரம் இரேவண சித்தர் 1594இல் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் வைத்தது. அகரம் முதலாக அடுக்கியது என்பதே அந்தப் பெயரின் பொருள். முதலெழுத்துக்கு அப்பால் இரண்டாம், மூன்றாம் எழுத்துகளை அவர் கண்டிப்பாக வரிசைப்படுத்தவில்லை. சூத்திர யாப்புக்கு அடங்க வேண்டிய நூலில் அது எளிதும் அல்ல. யாப்பைக் கைவிட்ட பிறகுதான் முழு வரிசை கைகூடியது.

அடுத்த பெரிய முயற்சி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே அச்சேறியது. மதுரை மறைப்பணியில் இருந்த அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்-போர்த்துகீசிய அகராதி, அவர் இறந்து 13 ஆண்டுகள் கழித்து, 1679இல் இன்றைய திருச்சூர் மாவட்டத்து அம்பழக்காட்டில் வெளிவந்தது. 16,000க்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்ட அந்த நூல் நெடுங்காலம் கண்ணில் படாமல் கிடந்தது. வத்திக்கான் நூலகத்துப் படியைக் கண்டெடுத்துத் தனிநாயகம் அடிகள் 1966இல் கோலாலம்பூரில் நிழற்படிவமாகப் பதிப்பித்தார்.

வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதி இரண்டு மரபையும் ஒரே நூலுக்குள் கொண்டுவந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என அதற்கு நான்கு பகுதிகள். பெயர் அகராதி சொல்லைக் கொண்டு பொருளைத் தேட உதவும். பொருள் அகராதி ஒரு பொருளுக்குள்ள பல பெயர்களைத் தரும். தொகை அகராதியில் முக்கனி, நால்வகைப் படை போன்ற எண்ணுத் தொகைகள் இருக்கும். நான்காவதான தொடை அகராதிதான் எதுகைச் சொற்களின் களஞ்சியம். புலவருக்கு ஓர் அடி இடறினால் இதைத் திறந்து அடுத்த சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம். நால்வகையில் இன்று மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். மரபுக் கவிதை அருகியதுதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

ஆங்கிலத்துக்கும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. அங்கே இயைபு சொல்லின் கடைசியில் விழுவதால் அகராதியும் பின்னாலிருந்து அடுக்கப்பட்டது. பீட்டர் லெவின்ஸ் 1570இலும் ஜான் வாக்கர் 1775இலும் ஈற்றெழுத்து ஒத்த சொற்களைத் திரட்டினார்கள். எக்ஸாமினேஷன், இமாஜினேஷன், டிடர்மினேஷன் போன்ற நீண்ட சொற்கள் அந்த முறையில் அருகருகே வந்து நிற்கும். முதலெழுத்து வரிசையில் அவை ஒன்றையொன்று சந்திக்கவே முடியாது.

தமிழில் வரிசையை நிலைநிறுத்த எழுத்தே முதலில் தெளிய வேண்டியிருந்தது. ஏட்டில் புள்ளி வைப்பது அரிது. காலும் ரகரமும் ஒரே வடிவம். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன. நெடிலுக்குத் தனிக் குறி கொடுத்து இந்தக் குழப்பத்தில் ஒரு பகுதியை வீரமாமுனிவர் தீர்த்தார். அது இல்லாமல் கெடு, கேடு என்ற இரண்டையும் எந்த இடத்தில் வைப்பது என்று அகராதிக்காரருக்குத் தெரியாது.

அகராதிகள் பெருகியபோது முதலெழுத்து வரிசை முற்றிலும் வென்றது. பப்ரிசியுஸ் தமிழ்-ஆங்கில அகராதி 1779இல் வேப்பேரியில் அச்சானது. யாழ்ப்பாணத்தில் சந்திரசேகர பண்டிதர் முதலியோர் உழைத்த மானிப்பாய் அகராதி 1842இலும், 67,000க்கும் மேற்பட்ட சொற்களோடு வின்சுலோ அகராதி 1862இல் சென்னையிலும் வந்தன.

தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலுள்ள போடிமெட்டு எல்லையில் தமிழ், மலையாளம் என இரண்டு அகராதி வரிசைகள் எதிரெதிரே நிற்கின்றன. மலையாளத்துக்குப் பெஞ்சமின் பெய்லியின் அகராதி 1846இல் கோட்டயத்திலும், குண்டர்ட்டின் அகராதி 1872இல் மங்களூரிலும் வெளியாயின. அவை வடமொழி வர்க்க எழுத்துகளைத் தனித்தனியே வைப்பவை. தமிழ் அகராதியில் ககரத்தில் இருக்கும் குரு, அங்கே ககரத்தைத் தாண்டிக் கவர்க்கத்தின் மூன்றாம் எழுத்தில் இருக்கும். தமிழில் வகரத்தை அடுத்து ழகரமும் பிறகு ளகரமும் வரும். மலையாளத்தில் ளகரம் முந்தும், ழகரம் பிந்தும். இடுக்கியில் தமிழ்வழிப் பள்ளியில் படித்து மலையாள அகராதியைத் திறக்கும் மாணவர் கைவிரலை மறுபடி பழக்க வேண்டியிருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. சாண்ட்லர் தொடங்கிய பணியை வையாபுரிப்பிள்ளை முடித்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அகரவரிசையில் ஏறின. எதுகைக்கு என்று தனிப் பகுதி அதில் இல்லை.