சுவரில் பெரிய அந்துப்பூச்சியா? துடைப்பம் வேண்டாம், விளக்கை அணைத்தால் போதும்

மே முதல் ஆகஸ்ட் வரை சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கும் கேள்வி: "புளோக் சுவரில் ஒட்டிக்கிட்டு இருக்கே, அது வௌவாலா?"

இல்லை. அது லிசா ஸம்பா எனும் அந்துப்பூச்சி.

எப்படி அடையாளம் காண்பது?

பழுப்பு நிறம். இறக்கைகளின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. பின்னிறக்கைகளில் வால் மாதிரி நீட்சி. இறக்கைகளை விரித்தால் 16 சென்டிமீட்டர் வரை இருக்கும்.

எங்கிருந்து வருகிறது?

காட்டிலிருந்து. இதன் புழுக்கள் செசெண்டோக் வகை மரங்களின் இலைகளைத் தின்று வளர்கின்றன. சில ஆண்டுகளில் எண்ணிக்கை திடீரென உயரும். 2014இல் தீவின் பல பகுதிகளிலும் இவை தென்பட்டன.

அப்புறம் ஏன் நம்ம வீட்டுக்கு வருது?

நம் விளக்குகளால்தான். இரவில் பறக்கும் பூச்சிகள் பல, வெளிச்சம் உள்ள பக்கமே வானம் என எடுத்துக்கொண்டு, முதுகை அந்தப் பக்கம் திருப்பிப் பறக்கும். காட்டில் அது சரியாக வேலை செய்யும். மின்விளக்கு அருகே வந்தால் அதையே சுற்றிச் சுற்றிச் சிக்கிக்கொள்ளும்.

கடிக்குமா?

கடிக்காது, கொட்டாது. இறந்தவரின் ஆவி என்று நம்புவோரும் உண்டு. ஆனால் வந்திருப்பது வழிதவறிய பூச்சிதான்.

என்ன செய்யலாம்?

விளக்கை அணையுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். இறக்கை முளைத்த பருவம்தான் அதன் வாழ்வின் கடைசிக் கட்டம். அதற்குள் இணை தேடி, முட்டையிட மரத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். நம் விளக்கைச் சுற்றிக் கழியும் ஒவ்வோர் இரவும் அதற்கு நஷ்டம்.