ஆரோக்கியப்பச்சையும் காணிக்காரரும்: திருப்பிக் கொடுத்தலின் ஒரு வரலாறு

பழங்குடி மக்களிடமிருந்து பெற்றதில் ஒரு பங்கை அவர்களுக்கே திருப்பித் தருகிறோம் என்று அறிவிக்கும் நிறுவனங்கள் இன்று இந்தியாவில் பெருகியிருக்கின்றன. தேன் குப்பியிலும் காப்பித்தூள் உறையிலும் மூலிகை எண்ணெயிலும் அந்த வாசகத்தைக் காணலாம். அது சட்டக் கடமையாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அகத்தியமலையின் கேரளப் பகுதியில் ஒருமுறை நடைமுறைக்கு வந்தது. பயன் பகிர்வைப் பற்றிய பாடங்களில் அந்நிகழ்வு உலகெங்கும் முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. ஆனால் அதை எடுத்துரைப்போரில் பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிற்பாதியே ஆய்வு மாணவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது என்பது என் கருத்து.

1987ஆம் ஆண்டின் இறுதியில், நடுவணரசின் இனத்தாவரவியல் ஆய்வுத் திட்டத்தைச் சேர்ந்த குழுவொன்று ப. புஷ்பாங்கதன் தலைமையில் அம்மலையில் ஏறியது. வழிகாட்டிகளாக உடன் சென்றவர்கள் காணிக்காரர்கள். ஆய்வாளர்கள் களைத்துப்போன இடத்திலும் அவர்கள் சோர்வின்றி நடந்தார்கள். இடையிடையே ஒரு சிறு செடியின் காய்களை மென்றார்கள். என்ன செடி என்று கேட்டபோது உடனே சொல்லவில்லை. அது வெளியாருக்குச் சொல்லக்கூடாத செய்தி. பலமுறை வற்புறுத்திய பிறகே செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்று இன்று அறியப்படும் அச்செடிக்குத் தாவரவியல் இட்ட பெயர் டிரைகோபஸ் சைலானிகஸ்.

புஷ்பாங்கதன் பின்னர் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். ஆரோக்கியப்பச்சையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகிய மூன்றையும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து அங்கே உருவாயிற்று. 1990களின் நடுவில் அதைத் தயாரிக்கும் உரிமம் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டுகளுக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. இவ்விரண்டிலும் சரிபாதியைக் காணிக்காரருக்குத் தருவதென நிறுவனம் தானாக முடிவு செய்தது.

இந்த 'தானாக' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1992இன் பல்லுயிர் உடன்படிக்கையை இந்தியா 1994இல் ஏற்றிருந்தாலும் அதற்கான உள்நாட்டுச் சட்டம் அப்போது இல்லை. கொடுக்காமலே இருந்திருக்கலாம், யாரும் வழக்குத் தொடுத்திருக்க முடியாது. அந்த அளவில் இது பாராட்டுக்குரிய செயலே. எனினும் 'சரிபாதி' என்ற சொல்லின் கவர்ச்சியில் கணக்கை மறந்துவிடக்கூடாது. 2 விழுக்காட்டில் பாதி 1 விழுக்காடு. விற்பனையான ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஒரு ரூபாய் மலைக்குப் போயிற்று.

அந்த ரூபாயை யாரிடம் கொடுப்பது? காணிக்காரர் சமூகத்துக்கு வங்கிக் கணக்கு கிடையாது. பழைய மூட்டுக்காணித் தலைமை தளர்ந்துபோயிருந்தது. ஆகவே 1997இல் கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 1999 பிப்ரவரியில் ஏறத்தாழ 5 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய் அதன் கணக்கில் சேர்ந்தது. உரிமம் வழங்கியதற்கும் பணம் சேர்ந்ததற்கும் இடையில் ஆண்டுகள் கழிந்துவிட்டன. பங்கு பெறுவதற்காகவே ஒரு சமூகம் தன்னைப் பதிவு பெற்ற அமைப்பாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பெயரிலுள்ள 'கேரள' என்ற அடைமொழியும் கவனத்துக்குரியது. காணிக்காரர் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்ட மலைகளிலும் வாழ்கிறார்கள். பாரம்பரிய அறிவுக்கு மாநில எல்லை இல்லை, அறக்கட்டளைக்கு இருந்தது.

கேரளத்துக்குள்ளேயே பிளவு எழுந்தது. வழிகாட்டிகள் குட்டிச்சல் ஊராட்சியைச் சேர்ந்தவர்கள். நிறுவனத்தின் தொடர்பும் பெரும்பாலும் அப்பகுதியோடுதான். விதுரை, பெரிங்ஙம்மலை ஊராட்சிகளின் காணிக்காரர் பலர் தங்களை யாரும் கேட்கவில்லை என்று குறைப்பட்டார்கள். காணிக்காரர் மரபில் மருத்துவ அறிவுக்கு உரியவர்கள் பிலாத்திகள் எனப்படும் மருத்துவர்கள். செய்தியை வெளியிட்ட வழிகாட்டிகளோ பிலாத்திகள் அல்லர். 1995இல் பிலாத்திகள் ஒன்பது பேர், தங்கள் அறிவைத் தனியார் நிறுவனத்துக்கு விற்பதை எதிர்த்து முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். பங்கு எவ்வளவு என்பது அவர்களின் வினா அன்று. விற்பதற்கு இசைவு தந்தவர் யார் என்பதே வினா. எத்தனை விழுக்காடு கூட்டினாலும் இதற்கு விடையாகாது.

மொழியியல் பயின்றவர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று. களப்பணியில் நமக்குச் சொல் தருபவரைத் 'தகவலாளி' என்கிறோம். ஒருவர் பேசுவதை ஒரு மொழி பேசுவதாக எழுதிவிடுகிறோம். இலக்கண விவரிப்பில் அது ஓரளவு பொறுக்கத்தக்க சுருக்கம். மந்திரமோ மருந்தோ சடங்குப் பாடலோ பதிவாகும்போது, சொல்ல அறிந்தவரும் சொல்ல உரிமையுடையவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கக்கூடும். இசைவுப் படிவத்தில் கையொப்பத்துக்கு ஓர் இடம்தான் இருக்கிறது.

வனத்துறையின் பங்கு தனிக் கதை. காணிக்காரர் மென்றது காயை. மருந்துக்குத் தேவைப்பட்டதோ இலை. ஐம்பது குடும்பங்கள்வரை செடியைப் பயிரிட்டு இலையை விற்கும் திட்டம் தொடங்கியது. உரிமத்தொகையைவிட இவ்வருவாயே குடும்பங்களுக்கு நேரடியாகப் பயன்பட்டிருக்கும். பயிரின் பெயரால் காட்டுச் செடிகள் வேரோடு பிடுங்கப்படும் என்ற அச்சத்தில் வனத்துறை தடை விதித்தது. அச்சம் அடிப்படையற்றதன்று. ஆனால் அறிவு அவர்களுடையது, நிலம் அரசினுடையது என்ற நிலையில், ஒரு துறை கொடுத்ததை மற்றொரு துறை தடுக்க முடிந்தது. வன உரிமைச் சட்டம் வந்தது 2006இல்தான்.

வெளிநாட்டில் ஜீவனிக்குக் காப்பும் இருக்கவில்லை. அமெரிக்க நிறுவனம் ஒன்று அங்கே அதே பெயரை வணிகக்குறியாகப் பதிந்துகொண்டது. 2002இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் புஷ்பாங்கதனுக்கு ஐ.நா. ஈக்வேட்டர் விருது கிடைத்தது.

அதே 2002இல் பல்லுயிர்ச் சட்டம் நிறைவேறியது. பயன் பகிர்வு சட்டக் கடமையாயிற்று. இந்திய நிறுவனங்களுக்கும் அக்கடமை உண்டு என்று உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் திவ்யா பார்மசி வழக்கில் 2018இல் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தமோ, தொகுக்கப்பட்ட மரபறிவுக்கு விலக்கு அளித்துவிட்டது. தொகுக்கப்பட்டது என்றால் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் அட்டவணையிலுள்ள நூல்களில் இடம்பெற்றது என்று பொருள். ஏட்டில் ஏறிய அறிவுக்குப் பங்கு தர வேண்டியதில்லை. வாய்மொழியாக நின்ற அறிவுக்குத் தர வேண்டும். ஜீவனியின் நான்கு மூலிகைகளில் மூன்று ஆயுர்வேதம் நெடுங்காலமாக அறிந்தவை. நான்காவது மட்டுமே பிலாத்திகளின் நினைவில் இருந்தது.