க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸ்: நல்ல க்ளானைப் பிடிப்பது எப்படி, 'கிக்' வாங்காமல் நிலைப்பது எப்படி?

"ஹாய் ப்ரோ, கோ-லீடர் ப்ளீஸ்!"

க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸில் ஒரு மாசமாவது குப்பை கொட்டியவர்களுக்கு இந்த மெசேஜ் நல்லாவே பழக்கம். ஆள் உள்ளே வந்து அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது. யாருக்கும் ஒரு ஆர்ச்சரைக்கூட டொனேட் பண்ணியிருக்க மாட்டார். நேரா பதவிதான். கொடுக்கவில்லையா, அடுத்த க்ளானுக்குக் கிளம்பிவிடுவார். அங்கேயும் அதே "ஹாய் ப்ரோ".

ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில் இருக்கும் சூப்பர்செல் நிறுவனம் 2012-ல் ஐபோனுக்கும் 2013-ல் ஆண்ட்ராய்டுக்கும் கொண்டுவந்த கேம் இது. தனியாகவே கிராமம் கட்டி, அடுத்தவன் கோல்டைக் கொள்ளையடித்து ஜாலியாக ஆடலாம்தான். ஆனால், பத்து வருஷம் தாண்டியும் பலர் இதை அன்-இன்ஸ்டால் செய்யாமல் இருப்பதற்குக் காரணம் அந்த 50 பேர். ஒரு க்ளானில் அதிகபட்சம் அவ்வளவு பேர்தான் இருக்க முடியும். முகம் தெரியாத அந்தக் கூட்டத்தில் உங்கள் பேருக்கு ஒரு மரியாதை வரணும்னா டவுன் ஹால் லெவல் பெரிசா இருக்கணும்னு அவசியமில்லை. சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் முடிக்கிற ஆளா நீங்கள் என்பதைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள்.

சேர்வதற்கு முன் ரெண்டு நிமிஷம்

கிராமத்தில் இடிந்து கிடக்கும் க்ளான் கேஸிலை கோல்டு கொடுத்துச் சரிசெய்தால் க்ளானில் சேரும் கதவு திறந்துவிடும். உடனே கேம் காட்டுகிற முதல் க்ளானில் 'ஜாயின்' அழுத்திவிடுவதுதான் நம்மில் பலரின் வழக்கம். கொஞ்சம் பொறுங்க பாஸ்.

க்ளானின் புரொஃபைலைத் திறந்தால் மெம்பர்கள் பட்டியல் வரும். ஒவ்வொருவரும் இந்த சீசனில் எவ்வளவு டொனேட் செய்திருக்கிறார், எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்ற எண் பக்கத்திலேயே இருக்கும். க்ளானின் ஜாதகம் அதுதான். சீசன் முடியப்போகிற நேரத்திலும் நாலு பேரிடம் மட்டும் ஆயிரக்கணக்கில் எண் இருந்து, மிச்சப் பேரிடம் பூஜ்யமாக இருந்தால், அந்த நாலு பேர் மட்டும்தான் உயிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம். 50-க்கு 48 பேர் இருக்கிறார்களே என்று ஏமாந்துவிடாதீர்கள். 20 பேர் இருந்து 20 பேரும் சுறுசுறுப்பாக இருந்தால் அதுதான் நல்ல வீடு.

அடுத்து, வார் லாக். அதை மறைக்காமல் வைத்திருந்தால் போய்ப் பாருங்கள். தோல்விகள் இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கடைசி வார் நடந்து எத்தனை நாளாச்சு என்பதுதான் முக்கியம். 'வாரம் ரெண்டு வார்' என்று எழுதி வைத்துவிட்டு, மாசக்கணக்கில் தூங்குகிற க்ளான்கள் நிறைய உண்டு.

உங்கள் லெவலுக்கு மிகப் பெரிய க்ளானில் போய் ஒட்டிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. டவுன் ஹால் 16, 17-க்கு நடுவில் ஒரே ஒரு டவுன் ஹால் 8 உட்கார்ந்திருந்தால் ட்ரூப்ஸ் நன்றாகக் கிடைக்கும், சரி. ஆனால், வாரில் உங்களுக்கு உட்கார இடம் கிடைக்காது.

கேட்பதும் கொடுப்பதும்

சேர்ந்ததும் முதல் வேலை டொனேஷன். ரிக்வெஸ்ட் போடும்போது என்ன ட்ரூப் வேணும்னு எழுதிவிடுங்கள். கொடுப்பவர்களும் அதைப் படிக்கணும். டிராகன் கேட்டவருடைய கேஸிலில் தன் கணக்கு ஏறுவதற்காக லெவல் குறைந்த ஆர்ச்சர்களைக் கொட்டி இடத்தை அடைத்துவிட்டுப் போவது, கொடுக்காமல் இருப்பதைவிட மோசம். முன்பெல்லாம் "ஆர்மி ட்ரெயின் ஆகிட்டு இருக்கு ப்ரோ" என்று ஒரு சாக்கு இருந்தது. 2025 மார்ச்சில் ட்ரெயினிங் நேரத்தையே சூப்பர்செல் தூக்கிவிட்டதால், இனி அது செல்லாது.

வார்: உறவும் சண்டையும் உருவாகும் இடம்

க்ளான் வார் 2014-ல் வந்தது. முதலில் 23 மணி நேரம் தயாரிப்பு நாள், பிறகு 24 மணி நேரம் சண்டை நாள். லீடர் ஞாயிறு இரவு 9 மணிக்கு வார் ஆரம்பித்தால், திங்கள் இரவு 8 மணிக்கு சண்டை தொடங்கி செவ்வாய் இரவு 8 மணிக்கு முடியும். இந்தக் கணக்கை முதல்லயே போட்டுப் பாருங்கள். அந்த 24 மணி நேரத்தில் உங்களுக்கு இன்டர்னல் எக்ஸாமோ, நைட் ஷிஃப்ட்டோ, ஊருக்குப் போகும் பஸ் பயணமோ இருந்தால்?

அதற்குத்தான் புரொஃபைலில் வார் விருப்பத்தைச் சொல்லும் பட்டன் இருக்கிறது. பச்சை என்றால் 'நான் ரெடி', சிவப்பு என்றால் 'என்னை விட்டுடுங்க'. சிவப்பு வைப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. பச்சை வைத்துவிட்டுக் காணாமல் போவதுதான் குற்றம். 15-க்கு 15 வாரில் ஒருவருக்கு 2 அட்டாக் வீதம் மொத்தம் 30. மூணு பேர் வரவில்லை என்றால் ஆறு அட்டாக் காலி. ஸ்டார்கள் சமமானால் அழிவு சதவிகிதத்தை வைத்துத்தான் ஜெயித்தது யார்னு முடிவாகும். அங்கே ஒரு சதவிகிதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றுவிட்டு, போடாமல் விட்ட அட்டாக்குகளை எண்ணிப் பார்க்கும் கடுப்பு இருக்கே... பெரும்பாலான 'கிக்'குகள் அந்த ராத்திரியில்தான் விழும்.

தோற்பதைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். ஒரு ஸ்டார் எடுத்தவரைத் திட்டும் க்ளான்கள் உண்டு. அவை நமக்கு வேண்டாம். தயங்குகிறவர்களுக்கு ஃப்ரெண்ட்லி சேலஞ்ச் இருக்கிறது. க்ளானில் ஒருவர் தன் பேஸை சாட்டில் போட்டால், எந்த நஷ்டமும் இல்லாமல் அடித்துப் பழகலாம். உங்களைவிட நன்றாக ஆடுபவரின் ரீப்ளேயைப் பார்த்துவிட்டு, "அந்த இடத்துல ஏன் ஹீலிங் ஸ்பெல் போட்டீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர் நிச்சயம் உங்களை ஞாபகம் வைத்துக்கொள்வார். இன்னொன்று, 'நம்பர் 6 எனக்கு' என்று ஒருவர் சொல்லி வைத்திருந்தால், அதில் கை வைக்காதீர்கள்.

மாத ஆரம்பத்தில் வரும் க்ளான் வார் லீக் இன்னும் சூடானது. எட்டு க்ளான்கள், ஏழு வார்கள், ஒரு வாருக்கு ஒரே ஒரு அட்டாக். முடிந்ததும் போனஸ் மெடல்களை யாருக்குக் கொடுப்பது என்பது லீடர் கையில். நன்றாக இருந்த நட்புகள் உடைந்தது பலமுறை இந்த போனஸால்தான். 'அதிக ஸ்டார் எடுத்தவருக்கு' அல்லது 'சுழற்சி முறையில்' என்று லீக் தொடங்கும் முன்பே லீடர் சாட்டில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை மிச்சம்.

பதவியும் பாதுகாப்பும்

கோ-லீடரால் வார் தொடங்க முடியும், எல்டர்களையும் மெம்பர்களையும் வெளியேற்ற முடியும். பதவி கேட்டு வந்த புது ஆளிடம் அதைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனால், காலையில் க்ளானில் நாலு பேர்தான் மிச்சம் இருப்பார்கள். வருஷக்கணக்கில் வளர்த்தது ஒரே ராத்திரியில் போய்விடும். லீடராக இருப்பவர்களே, கேட்காதவரைப் பார்த்துக் கொடுங்கள்.

சூப்பர்செல் ஐடிக்காக மெயிலில் வரும் கோடை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது, "லீக்ல உனக்காக நானே அட்டாக் போடறேன்" என்று சொல்கிற நண்பருக்கும் சேர்த்துத்தான். வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தே ஆகணும்னு க்ளான் கட்டாயப்படுத்தினால் யோசியுங்கள். அங்கே உங்கள் நம்பர் முகம் தெரியாத அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். பெண் என்று தெரிந்ததும் சாட்டின் தொனியே மாறுகிற க்ளான்கள் இருக்கின்றன. ஒருவர் வழிவதைவிட, அதைப் பார்த்துக்கொண்டு லீடர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். அவர் சும்மா இருந்தால் ரிப்போர்ட் அடித்துவிட்டு வெளியே வந்துவிடலாம்.

கிளம்பும்போது

பரீட்சை, புது வேலை, இல்லை சும்மா சலிப்பு... விலகுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால், வார் நடுவில் போகாதீர்கள். உங்கள் பேஸ் எதிரியின் மேப்பில் அப்படியே நிற்கும், உங்கள் அட்டாக்கை வேறு யாரும் போட முடியாது. வார் முடிந்ததும் "ரெண்டு மாசம் கழிச்சு வரேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வரும்போது பேரை வைத்துத் தேடினால் கிடைக்காது. ஒரே பேரில் ஏகப்பட்ட க்ளான்கள் இருக்கும். புரொஃபைலில் இருக்கும் க்ளான் டேகை மறக்காமல் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.