நேயர் நெஞ்சில் குடியேறிய பாத்திரங்கள்

கதையில் வரும் மாந்தர் மெய்யாக வாழ்ந்தவர் அல்லர் என்பதை அறியாதார் எவருமிலர். ஆயினும் அம்மாந்தர் துயருறுங்கால் கேட்போர் கண் கலங்குகின்றனர். அவர் வெற்றி பெறுங்கால் தாமே வென்றதுபோல் மகிழ்கின்றனர். கற்றவர் சிலர் இதனைப் பேதைமை என்பர். வீட்டுப் பெரியோர் பொழுதை வீணாக்குதல் என்பர். எனினும் மனித இனம் கதை கேட்கத் தொடங்கிய நாள்முதல் இப்பற்று அதனை விட்டு நீங்கியதில்லை. இலங்கைத் தமிழ் நேயர்களிடையே இப்பற்று வானொலியின் வழியே எவ்வாறு வளர்ந்தது, அதனால் விளைந்த நன்மை யாது, அதனால் ஆகாதது யாது என்பன ஆராயத் தக்கவை.

மாத்தளை நகருக்கு வடக்கே பல்லேபொல என்னும் ஊர் இருக்கிறது. வயலும் தென்னையும் மிளகுக் கொடியும் சூழ்ந்த இப்பகுதியில் சிங்கள மக்களே மிகுதியாக வாழ்கின்றனர். மாத்தளை மாவட்டம் முழுவதையும் நோக்கினாலோ, சிங்கள உழவர், தோட்டங்களில் உழைக்கும் தமிழர், கடை வைத்து வாணிகம் செய்யும் முஸ்லிம்கள், வடக்கிலிருந்து ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் வந்து தங்கியோர் எனப் பல மொழிநடைகள் ஒன்றோடொன்று உரசி வாழும் நிலம் அது. சந்தை நாளில் ஒரு நாழிகை நின்றால் தமிழே மூன்று நான்கு விதமாகப் பேசப்படுவதைக் கேட்கலாம். பின்னர்க் கூறப்படும் செய்திக்கு இவ்வூரும் இச்சந்தையும் பின்னணியாகும்.

வானொலி வருவதற்கு முன்னரே மலையகத் தமிழரிடம் பாத்திரப் பற்று இருந்தது. மாசி மாதத்தில் காமன் கூத்து நடைபெறும். சிவனது நெற்றிக்கண்ணால் காமன் எரிந்து வீழ, இரதி புலம்புவாள். இரதியாக வேடம் பூண்டவன் நேற்றுவரை தம்முடன் தோட்டத்தில் வேலை செய்த ஓர் ஆண்மகனே என்பது கூடியிருப்போர் அனைவருக்கும் தெரியும். இருந்தும் பெண்கள் விம்முவர். அருச்சுனன் தபசில் உயர்ந்த கம்பத்தின்மேல் ஏறுபவன் அப்பொழுதுக்கு அருச்சுனனே ஆகிவிடுகிறான். பொன்னர் சங்கர் கதையும் இவ்வாறே இரவிரவாக நின்று வழங்கியது. வேடம் கலைந்த பின்னும் பாத்திரத்தின் நிழல் அம்மனிதனை விட்டு எளிதில் அகல்வதில்லை.

பிற நாட்டாரிடமும் இந்த இயல்பு உண்டு. ஷெர்லக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளனை 1893ஆம் ஆண்டில் அவனைப் படைத்த கொனன் டொயிலே ஒரு கதையில் அருவியில் வீழ்த்தி முடித்துவிட்டார். வாசகர் சினந்து எழுந்தனர். பலர் அக்கதைகளை வெளியிட்ட சஞ்சிகைக்குச் சந்தா செலுத்துவதை நிறுத்தினர். சில ஆண்டுகளின் பின்னர் ஆசிரியர் தம் பிடிவாதத்தைத் தளர்த்தி அவனை மீண்டும் உயிர்ப்பிக்க நேர்ந்தது. பிரித்தானிய வானொலியில் ஒலித்த 'ஆர்ச்சர்ஸ்' என்னும் கிராமக் குடும்பத் தொடரில் கிரேஸ் என்ற இளம் மனைவி, எரியும் குதிரைக் கொட்டிலுட் புகுந்து உயிர் துறந்தாள். அந்தப் பகுதி ஒலிபரப்பானது 1955ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் நாள். அன்றிரவே நிலையத்தின் தொலைபேசிகள் ஓயாது ஒலித்தன. குரலாக மட்டுமே வாழ்ந்த ஒருத்திக்காக ஒரு நாடு துக்கம் காத்தது.

இனி இலங்கையை நோக்குவோம். கொழும்பு வானொலி 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் முறைப்படி தொடங்கப்பெற்றது. ஆசியாவின் மிகப் பழைய வானொலி நிலையங்களுள் அஃதொன்று. 1950ஆம் ஆண்டில் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 1967இல் நிலையம் கூட்டுத்தாபனமாக மாறிற்று. இவ்வாண்டுகளில் நாட்டுப்புறத்து மக்கள் வானொலி கேட்பது எளிதாயிருக்கவில்லை. தபாற் கந்தோரில் பணங்கட்டி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். மின்சாரம் எட்டாத ஊர்களில் பெரிய மின்கலத்தை இணைத்தே பெட்டியை இயக்கவேண்டும். மின்கலம் தேய்ந்துவிடும் என்னும் அச்சத்தால் வேண்டாத நிகழ்ச்சிகளின்போது பெட்டியை அணைத்துவைப்பர். ஆகவே ஊரில் ஒரு வீட்டிலோ ஒரு தேநீர்க் கடையிலோ இருந்த பெட்டியைச் சுற்றிப் பலர் கூடுவது வழக்கமாயிற்று. அளந்து செலவிடப்பட்ட ஒலி அது. அதனாலேயே கேட்ட ஒவ்வொரு சொல்லும் நெஞ்சில் ஊன்றி நின்றது. டிரான்சிஸ்டர் பெட்டிகள் பரவிய பின்னரே வானொலி தோட்டத்து லயத்திற்கும் வயல் வரம்பிற்கும் தனித்தனியே போய்ச் சேர்ந்தது.

இலங்கை வானொலியின் தமிழ் நாடகப் பகுதியை வளர்த்தவர்களுள் 'சானா' எனப் பெயர் பெற்ற சண்முகநாதன் முதன்மையானவர். அவர் காலத்தில் இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்', 'லண்டன் கந்தையா' ஆகிய நாடகங்கள் புகழ் பெற்றன. அதுவரை நாடகம் என்றால் அரசனும் அமைச்சனும் இலக்கணத் தமிழில் உரையாடுவதே என்றிருந்தது. விதானையாரோ யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் எவரும் காணத்தக்க ஒருவர். கந்தையாவின் பேச்சும் எவரும் வீட்டில் பேசும் பேச்சே. தம் பேச்சுத் தமிழ் வானலையில் ஒலித்தபோது நேயர்கள் கண்ணாடியில் தம் முகத்தை முதன்முதல் கண்டவரைப்போல் வியந்தனர். பாத்திரப் பற்றின் முதல் வேர் இதுவே. தம்மைப்போல் பேசுபவனையே மக்கள் தம்மவனாகக் கொள்கின்றனர்.

இவ்வேர் மரமாகத் தழைத்தது 1970களில். எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகள் கும்மாளம்' என்னும் நகைச்சுவைத் தொடர் அப்பொழுது ஒலித்தது. அதில் நால்வர் முதன்மையானவர். மரிக்கார் முஸ்லிம் மக்களின் தமிழிற் பேசுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழிற் பேசுவார். உபாலி சிங்கள ஓசை கலந்த தமிழிற் பேசுவார். ஐயர் பிராமணத் தமிழிற் பேசுவார். மாத்தளைச் சந்தையிற் கேட்ட மொழிநடைகளுட் பல ஒரே பெட்டிக்குள் வந்து அமர்ந்தன எனலாம்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. மரிக்கார் என்னும் முஸ்லிமாக நடித்த ராம்தாஸ் தமிழர். உபாலி என்னும் சிங்களவராக நடித்த செல்வசேகரனும் தமிழரே. ஐயராக நடித்தவரோ பி. எச். அப்துல் ஹமீத். அப்புக்குட்டியாக நடித்தவர் ராஜகோபால். மேடையிலாயின் உடையும் முகமும் தடை செய்திருக்கக்கூடும். வானொலியில் முகமில்லை, குரல் ஒன்றே உண்டு. அயலவன் பேச்சை அயலவனே ஐயுறாதவாறு பேசுவதற்கு நாவன்மை மட்டும் போதாது. பல்லாண்டு அவனருகில் இருந்து, அவன் எங்கே நீட்டுகிறான், எங்கே குறுக்குகிறான், கோபம் வந்தால் எச்சொல்லை முதலில் எடுக்கிறான் என்று அன்போடு செவிமடுத்திருக்க வேண்டும். நல்ல நடிகன் முதலில் நல்ல நேயன் என்பதற்கு இந்நால்வரும் சான்று.

தொல்காப்பியர் நகை தோன்றும் இடங்கள் நான்கென வகுத்தார். எள்ளலை அவற்றுள் முதலாவதாக வைத்தார். பிறன் பேச்சைப் பேசிக் காட்டுவது எள்ளலாகச் சிதையும் ஆபத்து என்றும் உண்டு. ஒருவனை மட்டும் நகைப்புக்கு இடமாக்கி ஏனையோரை உயர்த்தியிருந்தால் இத்தொடர் புண்படுத்தியிருக்கும். நால்வருமே கோமாளிகள் என்றமையால் எவனும் தனித்து இழிவுறவில்லை. அப்புக்குட்டியைக் கேட்டுச் சிரித்த கடைக்காரர் மறுகணம் மரிக்காரைக் கேட்டுத் தம்மைப் பார்த்தே சிரித்துக்கொண்டார்.

நேயர்களின் பற்று எவ்வளவு ஆழமானது என்பதற்கு வேறு அளவுகோல் தேவையில்லை. பெயர்களே போதும். மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே மக்கள் அக்கலைஞர்களை அழைக்கலாயினர். பெற்றோர் இட்ட பெயருக்கு முன்னே நேயர் இட்ட பெயர் வந்து நின்றது. ஒரு தமிழ்க் கலைஞர் தம் பெயரின் தலையில் ஒரு முஸ்லிம் பெயரையும், இன்னொருவர் ஒரு சிங்களப் பெயரையும் பெருமையோடு தாங்கினர். இத்தகைய பட்டத்தை எந்த அரசும் வழங்கியதில்லை. 1976ஆம் ஆண்டில் இத்தொடர் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாயிற்று. அதுவரை செவியால் மட்டும் அறிந்த நால்வரைக் கண்ணாலும் காண மக்கள் கொட்டகைகளுக்குச் சென்றனர்.

சிரிப்பே அன்றிக் கண்ணீரும் வானொலியில் இடம்பெற்றது. சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' வங்கியொன்றின் விளம்பர நிகழ்ச்சியாக ஒலித்த குடும்பத் தொடர். விளம்பரத்திற்காகக் கேட்டவர் எவருமிலர். அக்குடும்பத்தின் இன்ப துன்பத்திற்காகவே கேட்டனர். அதில் நடித்த கே. எஸ். பாலச்சந்திரன், 'அண்ணை றைட்' என்னும் தனிநடிப்பில் ஒரு பேருந்து நடத்துனரைக் கண்முன் நிறுத்தியவர். சிங்கள நேயர்களும் இவ்வாறே 'முவன்பெலெஸ்ஸ' என்னும் கிராமத் தொடரில் ஆழ்ந்திருந்தனர். பல்லேபொல போன்ற ஓர் ஊரில் ஒரு வேலிக்கு இப்புறம் ஒரு தொடரும் அப்புறம் மற்றொரு தொடரும் ஒலிக்க, இரு வீட்டாரும் தத்தம் கற்பனை உறவினருக்காக ஒரே விதமாகக் கவலை கொண்டிருந்த காலம் அது.

பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. சுயாதீனத் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டிலும், யப்பானிய உதவியுடன் அமைந்த ரூபவாஹினி 1982ஆம் ஆண்டிலும் தொடங்கின. முன்பு வானொலியைச் சுற்றிக் கூடியவாறே மக்கள் பெட்டியுள்ள வீட்டின் முற்றத்திலும் யன்னலோரத்திலும் கூடினர். யப்பானிலிருந்து வந்த 'ஓஷின்' இந்நாட்டவர் மனத்தைக் கவர்ந்தது. ஏழு வயதில் ஒரு மூடை அரிசிக்காகப் பிறர் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட குத்தகை உழவன் மகளின் கதை அது. 1983ஆம் ஆண்டு தொடங்கி 297 பகுதிகளாக யப்பானில் ஒளிபரப்பான அத்தொடரை அந்நாட்டவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் பார்த்தனர் எனக் கணக்கிடப்பட்டது. அரிசியின் அருமையும் வறுமையின் கொடுமையும் அறிந்த இலங்கைத் தாய்மாருக்கு ஓஷின் அயல்நாட்டுப் பெண்ணாகத் தோன்றவில்லை. இந்தியாவில் 1987 ஜனவரி முதல் ஞாயிறுதோறும் 'இராமாயணம்' ஒளிபரப்பானபோது பெட்டிக்கு மாலை சூட்டினோரும் உண்டு. சீதையாக நடித்த தீபிகாவும் இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991ஆம் ஆண்டுத் தேர்தலில் நாடாளுமன்றம் புகுந்தனர். இராமனாக நடித்த அருண் கோவிலும் 2024இல் அவ்வாறே புகுந்தார். பாத்திரத்தின் பெயர் நடிகரைச் சுமந்து செல்லும் வழக்கம் ஒளிப்பெட்டியிலும் தொடர்ந்தது.

இத்தனை பற்றினாலும் விளைந்த பயன் என்ன என்று வினவுவோர்க்கு நேர்மையான விடை கூறவேண்டும். 'கோமாளிகள்' திரைக்கு வந்த மறு ஆண்டே, 1977 ஓகஸ்டில், நாட்டில் இனக் கலவரம் மூண்டது. 1983 ஜூலையில் மாத்தளை நகரமும் தீயின் கொடுமையைக் கண்டது. மரிக்காரையும் உபாலியையும் அப்புக்குட்டியையும் கேட்டுச் சிரித்த நாட்டில்தான் இவை நிகழ்ந்தன. சிரிப்பினால் தீயை அணைக்க இயலவில்லை. ஒரு வானொலித் தொடர் அரசியல் செய்யத் தவறியதைச் செய்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று.

ஆயினும் அச்சிரிப்பு பொய்யன்று. ஒருவன் மற்றொருவன் பேச்சைக் கேட்டு மகிழ்ந்து, அவன் பெயரைத் தன் பெயராகத் தாங்கி, அதற்காக ஊராரால் போற்றப்பட்ட காலம் இந்நாட்டில் இருந்தது என்பது வரலாற்று உண்மை. கலவரங்களின் ஆண்டுகளை மாணவர் மனனம் செய்கின்றனர். அவ்வாண்டுகளுக்கு இடையே மக்கள் எதனைக் கேட்டு ஒன்றாகச் சிரித்தனர் என்பதையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும். பகைமை மட்டுமே பதிவாகுமாயின், வரலாறு ஒருகண் குருடாகிவிடும்.

அச்சில் ஏறிய நூல் நூலகத்தில் தங்கும். வானொலியிற் பேசிய சொல் காற்றோடு போகும். ஒலிநாடா தேயும்; ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். எஞ்சுவது கேட்டவரின் நினைவே. மின்கலம் தேயுமே என்று அஞ்சியும், அந்த அரைமணி நேரத்திற்காகப் பெட்டியைத் திருப்பிய மூத்தோர் பல்லேபொலவிலும் பிற ஊர்களிலும் இன்னும் வாழ்கின்றனர். மரிக்கார் எவ்வாறு பேசுவார் என்று கேட்டால் அவர்கள் பேசிக் காட்டுவர். முதுமையால் தளர்ந்த குரலிலும் அந்த நீட்டலும் குறுக்கலும் பிசகாது வரும். பேரப்பிள்ளைகள் ஒரு கொப்பியை எடுத்து அவர்களருகில் அமர்ந்து, எத்தொடரைக் கேட்டார்கள், எந்தப் பாத்திரத்தை விரும்பினார்கள், யாருடன் சேர்ந்து கேட்டார்கள் என்று எழுதிவைப்பார்களாயின், அந்தக் கொப்பியே வருங்காலத்திற்கு ஒரு வரலாற்று ஏடாக விளங்கும்.